அசல் பாணியும் ஒரு போலி மணமும்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மேப்பிள் சிரப் என்கிற பாணிக்கென்றே ஆட்கள் தேடி வரும் ஒரு ரொறன்ரோ உணவகத்தில் உழைக்கும் வயதின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அப்படிப்பட்ட நான், அசலையும் போலியையும் இரண்டு கரண்டிகளில் வைத்து எது நல்லது என்று முதன்முதலாகக் கேட்டபோது, போலியைக் காட்டி இதுதான் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. இன்னொரு கரண்டி கிடைக்குமா என்றும் கேட்டேன்.

கேட்டவர் எங்கள் செஃப் ஜினெத். கியூபெக்கில் மேப்பிள் காட்டுக்குள் பிறந்த பெண்மணி. அவருடைய தகப்பனார் வசந்தத் தொடக்கத்தில் மரத்தில் துளை போட்டு, வடியும் நீரைக் கொட்டிலில் காய்ச்சிப் பாணியாக்கி, தேடி வருகிறவர்களுக்கு அங்கேயே ருசி காட்டி விற்கிறவர். என் பதிலைக் கேட்ட செஃப், எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் டொக்டர்போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். யாழ்ப்பாணத்தானுக்குப் பாணி என்றால் பனம் பாணி. கரண்டியில் எடுத்தால் கீழே விழ மனமில்லாமல் தொங்க வேண்டும். அசல் மேப்பிள் பாணியோ தண்ணீர் கலந்ததுபோல ஓடியது; மணமும் இருக்கா இல்லையா என்று யோசிக்க வைத்தது. போலி அப்படியில்லை. தடிப்பு, கறுப்பு, கிட்டப் போகமுன்னமே மூக்கைப் பிடித்துக் குலுக்கி நலம் விசாரிக்கும் மணம். எனக்கு அது பிடித்துப் போனதில் என்ன ஆச்சரியம்?

செஃப் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்: “அசல், வாய்க்குள்ளே போன பிறகுதான் பேசும். போலி, வாசல் படலைக்கு வெளியே நின்றே கத்தும். கத்துகிறவனை நம்பாதே.”

சமையல் படித்துவிட்டு வேலைக்கு வருகிற இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர், “அங்கிள், ஒரு சொட்டு எசென்ஸ் விட்டா வேலை முடிஞ்சுது, ஆருக்குத் தெரியப்போகுது?” என்று என்னிடம் கேட்கிறார்கள். ஆருக்குத் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் இல்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நான் வேலை பழகிய கதை பெரிதில்லை. கோப்பை கழுவ ஆள் தேவை என்று மன்னார் மரியதாஸ் அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கோப்பையிலிருந்து உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கிலிருந்து பான்கேக், பான்கேக்கிலிருந்து அடுப்பு. இடையில் நான் எரித்தது, கொட்டியது, உடைத்தது எல்லாவற்றையும் எழுதப்போனால் இந்தச் சிறப்பு மலர் முழுக்க எனக்கே தேவைப்படும்.

செஃபைப் பற்றித்தான் எழுத வேண்டும். உயரம் குறைவு, குரல் அதற்கும் சேர்த்து. பிரெஞ்சில் சமையலறைக்கு அவர் சொல்லும் சொல் எங்கள் குசினிக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருக்கும். அதனாலோ என்னவோ அவருடைய குசினியில் எனக்கு அந்நியம் தெரியவில்லை. கோபம் வந்தால் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார். கியூபெக்காரர்கள் தூஷணம் பேசுவது கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான். பூசைக் கிண்ணம், நற்கருணைப் பேழை என்று அடுக்குவார்கள். இது தெரியாத காலத்தில் மரியதாஸ் அண்ணை என்னிடம், “தம்பி, செஃப் சரியான பக்தி. வேலைக்குள்ளையும் கோயில் நினைப்புத்தான்,” என்று சொல்லி உருகினார். உண்மை தெரிந்த பிறகு, செஃப் திட்டும்போதெல்லாம் அண்ணை சிலுவை போடத் தொடங்கினார். சனிக்கிழமை மத்தியானக் கூட்டத்தில் அண்ணையின் கை நெற்றிக்கும் நெஞ்சுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். கோப்பைகள் மலைபோல் குவியும்.

செஃபின் கைவேலை பீன்ஸில் தெரியும். வெள்ளைப் பீன்ஸை முதல்நாளே ஊற வைப்பார். அடுத்த நாள் மெதுவாக அவித்து, ஒரு கரண்டியில் நாலைந்து மணியை அள்ளி ஊதிப் பார்ப்பார். ஊதிய காற்றில் தோல் சுருண்டு விலகினால் பதம். விலகாவிட்டால் மறுபடி அடுப்பு. பிறகு மண் சட்டியின் அடியில் முழு வெங்காயம், மேலே உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, கொஞ்சம் கடுகுத் தூள், பீன்ஸ், மூடும் அளவுக்கு வெந்நீர். மூடி போட்டுச் சின்னச் சூட்டில் போறணை அடுப்புக்குள் வைத்தால் பிறகு அதை மறந்துவிட வேண்டும். நான் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு பூசைப் பாத்திரம் என் தலையில் விழும். பாணியை அரைவாசி தொடக்கத்தில், மிச்சத்தை இறக்கப் போகும்போது விடுவார். அசலின் மணம் நெருப்பில் ஒளிந்துகொள்ளும், அதைத் திரும்பக் கூப்பிடத்தான் அந்த இரண்டாவது பங்கு என்பார். போலி ஒளியாது. எவ்வளவு வேகவைத்தாலும் அதே சத்தத்தோடு நிற்கும். அதுதான் அதைப் பிடித்துக் கொடுக்கும்.

ஒருமுறை முதலாளி செலவு குறையட்டும் என்று ஒரு பெரிய போத்தல் மேப்பிள் எசென்ஸ் வாங்கி வந்தார். செஃப் போத்தலைப் பின் ஒழுங்கைக்குக் கொண்டுபோய்ப் பனியில் ஊற்றினார். பனி மண்ணிறமானது. பிறகு உள்ளே வந்து எங்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “இந்தக் குசினிக்குள்ளே இதில் ஒரு சொட்டு வந்தால், கொண்டுவந்தவன் போவான். அவன் போகாவிட்டால் நான் போவேன்.” முதலாளி அன்றோடு அடங்கிவிட்டார்.

சில காலம் கழித்து, மாரிகாலக் குளிர் தொடங்கும் நேரம், செஃப் ஒரு செய்தி சொன்னார். அப்பா வருகிறாராம். மகள் ஆங்கிலக்காரர் ஊரில் சமைக்கப் போனது அந்த மனிதருக்குப் பிடிக்கவில்லை. “அங்கே போனால் நீயும் போத்தலில் இருந்துதான் ஊற்றுவாய்,” என்று சொல்லி வழியனுப்பினவராம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வந்து சாப்பிட்டதில்லை. இப்போது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவதற்குச் சம்மதித்திருக்கிறார். செஃப் இதைச் சொல்லும்போது கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கத்தி ஏற்கனவே கூர்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் குசினிக்குள் அந்தப் போலி மணம் வந்தது.

முதலில் பிடித்தவர் செஃப். காலையில் வந்து கோட்டைக் கழற்றியவர் அப்படியே நின்றார். மூக்கு இரண்டு பக்கமும் திரும்பியது. “இங்கே போத்தல் இருக்கிறது,” என்றார்.

தேடினோம். அலுமாரி, குப்பை வாளி, மா மூட்டைக்குப் பின்பக்கம் எல்லாம் கிளறினோம். ஒன்றுமில்லை. அடுத்த நாளும் மணம். எதையும் பகிடியும் வேடிக்கையுமாக்கும் குணத்தால் நான்தான் முன்னுக்கு வந்தேன். நாய்க்குட்டிபோல மூலை மூலையாக மோந்து, “செஃப், உருளைக்கிழங்குப் பக்கம் இருக்கு,” என்றேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். ஓம், இருந்தது. “இல்லை, இப்ப உடுப்பு மாத்திற அறையில இருக்கு,” என்றேன். அங்கேயும் இருந்தது. நான் போன இடமெல்லாம் மணம் எனக்கு முன்னால் வந்து நின்றது. இவ்வளவு கெட்டிக்கார மூக்கு எனக்கு இருக்கிறதே என்று எனக்கே பெருமையாக இருந்தது. துப்பறியும் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆள் என்று மரியதாஸ் அண்ணையிடம் சொன்னேன். அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

புதன்கிழமை செஃப் எங்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் முன்னால் வந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். மரியதாஸ் அண்ணையிடம் சோப். பான்கேக் போடும் பெண்ணிடம் சிகரெட். என்னிடம் வந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பிறகு திறந்தார்.

“சிவம். பொக்கற்றைக் காட்டு.”

பஸ் துண்டு, சீப்பு, ஒரு இருமல் இனிப்பு. அவ்வளவுதான். காலில் கிடந்த சப்பாத்தையும் கழற்றச் சொன்னார். அதை மோந்தது அவருடைய துரதிர்ஷ்டம். போத்தல் எங்குமில்லை, மணம் மட்டும் என்மேல். நான் கடவுள்மேல் சத்தியம் செய்தேன். மரியதாஸ் அண்ணை வேதாகமத்தின்மேல் சத்தியம் செய்யத் தயார் என்றார். செஃப் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உண்மையைச் சொல். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வராதே,” என்றார்.

அஜின்கோர்ட்டில் இருந்த வீட்டுக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாடகைக் கணக்குப் பார்த்தேன். மனைவி வசந்தியும் பிள்ளையும் அந்த வருடம்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். வேலை போனது என்று எப்படிச் சொல்வது? அதைவிட, செஃப் என்னைக் கள்ளன் என்று நினைத்துவிட்டாவே என்பதுதான் கூட எரிந்தது.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் எல்லாம் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

“உங்கட உடம்பில மேப்பிள் மணக்குதெண்டு எனக்குத் தெரியும்தானே. தலகாணி உறை, சேட் எல்லாம் அதுதான். வேலையில இருந்து கொண்டு வாறீங்களாக்கும் எண்டு இருந்தன்.”

“வேலையில அவை நான் வீட்டில இருந்து கொண்டு வாறன் எண்டினம்.”

“பிறகு ஞாயிற்றுக்கிழமை லீவு நாளிலயும் மணந்தீங்கள். குளிச்சிட்டு வந்தும் மணந்தீங்கள்.” அகப்பையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, வெந்தயம் எவ்வளவு திண்டனீங்கள்?”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டொக்டர் எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு தொடங்குகிறது என்று சொல்லியிருந்தார். மேப்பிள் பாணிக் கரண்டியை நக்கி நக்கித்தான் வந்தது என்று வசந்தியின் முடிவு. ஊறவைத்த வெந்தயம் காலையில் ஒரு தேக்கரண்டி சாப்பிடச் சொன்னாள். ஒரு கரண்டி நல்லதென்றால் ஒரு கை நிறைய இன்னும் நல்லதுதானே என்பது என் கணக்கு. காலையில் ஒரு கை, வேலையால் வந்ததும் ஒரு கை. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. குறைந்துபோன வெந்தயப் போத்தல் அவளுக்குச் சொல்லிவிட்டது.

போத்தலைத் திறந்து மோந்து பார்த்தோம். கறி மணம்தான் வந்தது. ஆனால் உடம்புக்குள் போய், வேர்வையாக வெளியே வரும்போது அது வேறு ஆளாக மாறி வருகிறது. வேர்வையில் மட்டுமில்லை, வேறு வழியாலும் அந்த மணம் போனது. குடும்பத்தார் படிக்கும் மலர் என்பதால் அந்த விபரத்தை விட்டுவிடுகிறேன். போலி மேப்பிள் மணத்தை வெந்தயத்தில் இருந்தும் எடுப்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். என்னுடைய உடம்பு ஒருவரும் கேட்காமலே எசென்ஸ் தொழிற்சாலை திறந்துவிட்டிருந்தது.

வியாழக்கிழமை காலை வெந்தயப் போத்தலோடு செஃப் முன்னால் நின்றேன். அவர் மோந்தார். “இது கறி. என்னை விசரி என்று நினைத்தாயா?” என்றார்.

“செஃப், என்னைச் சோதியுங்கோ,” என்றேன்.

சோதித்தார். அந்த மனிசி எதையும் அரைகுறையாகச் செய்யாது. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுத்துவரை கழுவச் சொன்னார். சலவையில் இருந்து வந்த புதுச் சட்டை தந்தார். மேசை விரிப்புகள் வைக்கும் சின்ன அறையைத் தானே மோந்து பார்த்து, சுத்தம் என்று உறுதி செய்து, என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே மரியதாஸ் அண்ணை காவல். உள்ளே சூடு. நானும் என்னாலான மட்டும் வேர்த்தேன். கடைசியில் செஃப் கதவைத் திறந்து தலையை நுழைத்தார்.

ஒரு முழுப் பூசைக்குத் தேவையான சாமான்கள் அவருடைய வாயிலிருந்து வந்தன. அண்ணைக்குச் சிலுவை போட்டுக் கை வலித்தது.

வேலை தப்பியது. ஆனால் செஃப் சிரிக்கவில்லை. நாளைக்கு அப்பா வருகிறார். மணம் போக எத்தனை நாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. என்னை வீட்டில் நிற்கச் சொல்லவும் முடியாது, அடுப்புக்கு வேறு ஆள் இல்லை. யோசித்துவிட்டு, மணத்தை மறைக்க உள்ளிப்பூண்டுப் பையை எடுத்து என் கையில் தந்தார்.

ஆக, வெள்ளிக்கிழமை நான் பின்கதவோரம் அரைத் திறப்பில், குளிர் முதுகில் அடிக்க, கழுத்திலும் கையிலும் நசித்த உள்ளி பூசிக்கொண்டு வெங்காயம் உரித்தேன். அசைய வேண்டாம் என்று கட்டளை. பார்த்தவர்கள் பேய் பிடித்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

பெரியவர் வந்தார். மகளின் உயரம்தான், அகலம் இரண்டு மடங்கு. கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்குப் போகாமல் நேரே குசினிக்குள் நுழைந்தார். மூன்று அடி வைத்திருப்பார். நின்றார். மூக்கு இரண்டு பக்கமும் திரும்பியது. அந்தத் திருப்பலை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னார். போத்தல் என்பதற்கான சொல் என்று எனக்கும் விளங்கியது. பிறகு தொப்பியைத் தலையில் போட்டார்.

செஃப் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எங்களை அத்தனை வருடம் திட்டிய வாய். கன்னம் மட்டும் சிவந்து, கை ஏப்ரன் நுனியைப் பிடித்து முறுக்கியது. பெரியவர் திரும்பத் தொடங்கினார்.

எனக்கு மூளை வேலை செய்ததென்று சொல்லமாட்டேன். கால்தான் வேலை செய்தது. வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்று நெஞ்சில் குத்திக் காட்டினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் குசினிப் பிரெஞ்சு. அதை வைத்து, “ஐயா, போத்தல் நான்தான்,” என்றேன். சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.

பெரியவர் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி மோந்தார். உள்ளியில் முகம் சுளித்தது. விடாமல் முழங்கை வரை போனார். அங்கே நின்று, சந்தேகமில்லை என்பதுபோல் தலையாட்டினார். செஃபுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. வெந்தயம், சீனி வருத்தம், விரிப்பு அறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். பெரியவர் நம்பினமாதிரித் தெரியவில்லை. நேரே பாணித் தகரங்கள் இருந்த அலுமாரிக்குப் போனார். ஒவ்வொன்றாகத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தார். பிறகு போறணையில் இருந்து இறக்கி வைத்திருந்த மண் சட்டியின் மூடியைத் தூக்கினார். ஒரு கரண்டி எடுத்து ஊதி, வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

குசினியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் விட்டால் இன்னும் மணக்கும் என்று நான் கூடுதலாக அடக்கிக்கொண்டேன்.

பெரியவர் விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே வெள்ளை விரிப்புப் போட்ட மேசை காத்துக்கொண்டிருக்க, அவர் எங்கள் நடுவில், வெங்காயத் தோலுக்குள் இருந்து சாப்பிட்டார். செஃப் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். மரியதாஸ் அண்ணை, எவரும் திட்டாமலே, ஒரு சிலுவை போட்டார்.

சாப்பிட்டு முடித்த பெரியவர் என்னைக் காட்டி மகளிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். செஃபின் முகம் மாறியது. என்ன என்று கேட்டேன்.

“அந்த விதை சீனிக்கு உண்மையிலேயே உதவுமா என்று கேட்கிறார்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவருக்கும் இருக்கிறதாம். இரண்டு வருடமாக. எனக்கு இப்போதுதான் தெரியும்,” என்றார்.

வாழ்நாள் முழுக்கப் பாணி காய்ச்சிய மனிதர், அதைத் தான் தொடக்கூடாது என்று டொக்டர் சொன்னதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பகிடி விடவில்லை. விடாத அபூர்வமான நேரம் அது. டொக்டர் தந்த குளிசை மாத்திரையை விடக்கூடாது, இது ஒரு தேக்கரண்டிக்குமேல் கூடாது, எக்காரணம் கொண்டும் கையால் அள்ளக்கூடாது என்று செஃப் மூலமாகச் சொல்லி, வெந்தயப் போத்தலை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கோட்டுப் பொக்கற்றில் போட்டு மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார். போகும்போது மகளின் கன்னத்தைப் பிடித்து என்னவோ சொன்னார். அதை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுதமாட்டேன்.

என் மணம் சில நாளில் போய்விட்டது. குசினியில் எனக்குப் ‘போத்தல்’ என்ற பட்டம் மட்டும் ஓய்வுபெறும் வரைக்கும் போகவில்லை.

பனி உருகத் தொடங்கியதும் மேப்பிள் நீர் வடியும் காலம் வந்தது. செஃப் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், புதுப் பாணித் தகரங்களோடு திரும்பி வந்தார். நான் தகரங்களை இறக்கிக் கொடுத்தபடி, அப்பாவுக்குச் சுகமா, இந்த வருடமும் அவர் கையாலேதானே காய்ச்சினார், வருகிறவர்களுக்கு அவர்தானே ருசி காட்டினார் என்று விசாரித்தேன்.

செஃப் தகரத்தை வாங்கி அலுமாரியில் வைத்தார்.

“அம்மா அவரைக் கொட்டிலுக்குள்ளேயே விடுவதில்லை. அந்த விதையை அவரும் கையால்தான் அள்ளுகிறார்.”